மீட்ட நாய்க்குட்டிக்கு வீடு தேடுவது எப்படி? தற்காலிகமாக வளர்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

குட்டியைக் கேட்டு வருபவர்களில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் குறைவு. ஆனாலும் தத்துக் கொடுத்த குட்டிகளில் சில திரும்பி வந்துவிடுகின்றன. காரணம் கேட்டால், "ராத்திரியெல்லாம் அழுகிறது" என்பார்கள், "கடிக்கிறது" என்பார்கள், "இவ்வளவு பெரிதாக வளரும் என்று யாரும் சொல்லவில்லையே" என்பார்கள். நான் பார்த்தவரை, திரும்பி வந்த குட்டிகளின் கதையில் எங்காவது ஓரிடத்தில் இந்தச் "சொல்லவில்லையே" இருக்கும். குட்டியைப் பற்றி மறைக்காமல் சொல்வது, வருபவரிடம் தயங்காமல் கேட்பது: உங்கள் வேலை இவை இரண்டும்தான். கீழே வருபவை எல்லாம் இவற்றுக்கான ஏற்பாடுகள்.

1. அது யாருடைய குட்டி என்று பாருங்கள்

தனியாக நின்ற குட்டியெல்லாம் கைவிடப்பட்ட குட்டி அல்ல. கதவு திறந்திருந்த நேரத்தில் ஓடி வந்த வளர்ப்புக் குட்டியாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் முதல் முறை போகும்போதே, தோலுக்கு அடியில் அடையாளத்துக்காக வைக்கும் சிறு மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் உரிமையாளர் யார் என்று தெரியும். கண்டெடுத்த இடத்தைச் சுற்றி அறிவிப்புக் கொடுங்கள். அறிவிப்பில் குட்டியின் அடையாளங்களில் ஒன்றை, உதாரணமாக அடிவயிற்றில் இருக்கும் ஒரு மச்சத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "என் குட்டிதான்" என்று வருபவர் அதைச் சொல்ல முடிந்தால் நம்பலாம். கண்டெடுத்த விலங்கை யாரிடம் தெரிவிக்க வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

2. முதல் இரண்டு வாரம் யாருக்கும் கொடுக்காதீர்கள்

வந்த அன்றே படம் எடுத்துப் போட்டு ஆள் தேட மனம் துடிக்கும். பொறுங்கள். நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றிய குட்டி முதல் சில நாள் நன்றாகவே விளையாடும். அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் தெரியும். சிலவற்றில் இரண்டு வாரம் வரை ஆகலாம். நான்காம் நாள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்ட குட்டி ஆறாம் நாள் வாந்தி எடுத்து, இரத்தம் கலந்து பேதியாகிச் சுருண்டு படுத்தால், அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் கொடுத்தது மருத்துவமனை அலைச்சல். வைரஸோ அந்த வீட்டுத் தரையிலும் தோட்டத்து மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும். அடுத்து அங்கே வரும் குட்டிக்கும் ஆபத்து.

அதனால் முதல் 14 நாள் தனி அறை, தனித் தட்டு, தனி விரிப்பு. வீட்டில் வேறு நாய் இருந்தால் அதன் தடுப்பூசி தேதி தாண்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பான் பார்வோவைக் கொல்லாது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தரையை முதலில் நன்றாகக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அழுக்கோடு இருக்கும் தரையில் பிளீச் ஊற்றிப் பயனில்லை.

கால்நடை மருத்துவர் தோல், காது, உண்ணி, பூச்சித் தொல்லை எல்லாம் பார்ப்பார். வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இருந்தால் அது நாய்க்கு இயல்பு. நம் கணக்கில் காய்ச்சல் என்று பதற வேண்டாம். குடற்புழு நீக்கம் அநேகமாக எல்லாக் குட்டிக்கும் தேவைப்படும். உருண்டைப் புழு கருவிலேயே தாயிடமிருந்து வந்துவிடும். கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். ஒரு முறை மருந்து கொடுத்தால் தீராது. சிறு குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

தடுப்பூசி விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவருக்கும் விளக்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அதுவே தடுப்பூசியைச் செயல்படவிடாமல் தடுக்கும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இதைச் சொல்லாவிட்டால், தத்தெடுத்தவர் "ஒரு ஊசி போட்டாயிற்றே" என்று மறுநாளே மற்ற நாய்கள் உலவும் பூங்காவில் இறக்கிவிடுவார். ரேபிஸ் ஊசி வழக்கமாக 12 வார வயதை ஒட்டிப் போடப்படும். பூர்வீகம் தெரியாத குட்டி உங்களைக் கடித்தோ பிறாண்டியோ விட்டால், "குட்டிதானே" என்று விடாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். மூன்று வாரத்தை ஒட்டிப் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். எட்டு வாரத்துக்குள் ஏறக்குறைய 28-ம் வந்திருக்கும். முன்பற்கள் விழுந்து புதியவை வந்துகொண்டிருந்தால் மூன்று, நான்கு மாதம் தாண்டியிருக்கும். எட்டு வாரத்துக்கு முன் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சின்னதாக வாங்கினால்தான் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள், தவறு. கடியின் அழுத்தத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்கிறது: அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும்.

3. குட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அப்போது நல்லவிதமாகப் பார்த்ததை எல்லாம் பிறகு பயமில்லாமல் ஏற்கும். அந்தக் காலத்தின் பெரும்பகுதி உங்கள் கையில்தான் கழிகிறது. தனிமை நாட்கள் முடிந்ததும், தடுப்பூசிகள் முடியாவிட்டாலும், கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். தரையில் மட்டும் இறக்காதீர்கள். தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் வைத்திருப்பவர், சக்கர நாற்காலி, குழந்தையின் சிரிப்பு, வண்டியின் ஹாரன் எல்லாம் பழகட்டும். பயந்தால் தள்ளி நின்று காட்டுங்கள். திணிக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். "நல்ல குட்டி, துறுதுறுவென்று இருக்கிறது" என்று எழுதினால் அது எந்தக் குட்டிக்கும் பொருந்தும். பார்த்ததை எழுதுங்கள். பாத்திரம் கீழே விழுந்த சத்தத்துக்கு எல்லாக் குட்டியும் திடுக்கிடும்; கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடப்பது. என்னிடம் இருந்த ஒரு கறுப்புக் குட்டி நாற்காலிக்கு அடியில் பாய்ந்து, உடம்பை உள்ளே வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மோந்து பார்க்கும். பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராகவே இருக்கும். அப்படியே ஒவ்வோர் அடியாக வந்து பாத்திரத்தை ஒருமுறை நக்கிவிட்டுத்தான் ஓயும். பயம் உண்டு, ஆனால் தானே மீண்டு வரும் குட்டி என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதே சத்தத்துக்கு அரை மணி நேரம் வெளியே வராத குட்டியும் உண்டு. அதற்குக் கூச்சலில்லாத, பொறுமையான வீடு வேண்டும். இரண்டும் நல்ல குட்டிகள்தான், போக வேண்டிய வீடுகள் வேறு.

இன்னும் எழுத வேண்டியவை: எவ்வளவு நேரம் தனியாக இருக்கிறது, இரவில் எத்தனை முறை எழுகிறது, சாப்பிடும்போது தட்டின் அருகே கை போனால் உறுமுகிறதா அல்லது உடல் விறைக்கிறதா, பூனையைத் துரத்துகிறதா, வண்டியில் வாந்தி எடுக்கிறதா, துடைப்பத்தைக் கண்டால் என்ன செய்கிறது. சிறுநீர் அடக்கும் நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: மாத வயதுக்கு ஒரு மணி நேரம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரம் தாங்குவதே பெரிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோகப் பழக்கிவிட்டீர்கள் என்றால், புதிய வீட்டின் பாதித் தலைவலியை நீங்களே தீர்த்துவிட்டீர்கள்.

இனம் எது என்று கேட்பார்கள். கலப்பினக் குட்டியின் இனத்தை முகத்தைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் தப்பாகவே போகும். தெரியாது என்று சொல்லிவிடுவதே கௌரவம். எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்விக்கு மட்டும் உத்தேசமாகப் பதில் சொல்லலாம். நடுத்தர நாய்களில் நான்கு மாத எடையை இரண்டால் பெருக்கினால் வளர்ந்த எடைக்குக் கிட்டத்தட்ட வரும். நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இருந்தால் பதினெட்டு கிலோவை எதிர்பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடவே சொன்னாலும் தவறில்லை.

4. விளம்பரம்

படத்துக்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. காலை வெயில் படும் ஜன்னலோரம், குட்டியின் கண் மட்டத்துக்கு நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பெரிய தலையும் பயந்த கண்ணும்தான் வரும். கறுப்புக் குட்டியைக் கறுப்பு விரிப்பில் வைக்காதீர்கள். வெளிர் நிறப் பின்னணியில், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும்படி எடுத்தால் முகம் தெரியும். முகம் ஒன்று, முழு உடல் ஒன்று, மனிதக் கையோ காலோ அருகில் தெரியும்படி ஒன்று, அளவு புரியும். அரை நிமிட வீடியோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. புண்ணும் எலும்புமாக மீட்ட நாளின் படத்தை முதலில் போடாதீர்கள். அது பரிதாபத்தைக் கொண்டுவரும். பரிதாபத்தில் எடுத்த முடிவு ஒரு வாரம்கூடத் தாங்காது.

"வீடில்லாத பாவப்பட்ட ஜீவன், யாராவது கருணை காட்டுங்கள், இன்றைக்குள் போகாவிட்டால்..." என்ற பாணியையும் விட்டுவிடுங்கள். இப்படி எழுதலாம்:

"பெண் குட்டி, வயது சுமார் பதினோரு வாரம், எடை ஐந்து கிலோ, வளர்ந்தால் நடுத்தர அளவு. முதல் இரண்டு தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் ஆயிற்று. மனிதர்களிடம் உடனே ஒட்டிக்கொள்வாள், பெரிய நாய்களிடம் தயங்குவாள். காலணியைக் கடிப்பாள், மேலே எடுத்துவைக்க வேண்டும். இரவில் ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும். பகலெல்லாம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு ஏற்றவள் அல்ல. வந்து பார்த்துப் பேசியபின், ஒப்பந்தத்தோடுதான் கொடுப்போம்."

காலணி வரியைப் படித்துவிட்டுப் பின்வாங்குபவர் பின்வாங்கட்டும். அந்த வரியைப் படித்துச் சிரித்துக்கொண்டே அழைப்பவரோடு பேச்சைத் தொடங்குவது எளிது. உங்கள் வீட்டு முகவரியை விளம்பரத்தில் போடாதீர்கள். "இலவசம்" என்பதைப் பெரிய எழுத்தில் போடுவதையும் தவிர்க்கலாம். வாங்கி விற்பவர்களும், யோசிக்காமல் எடுப்பவர்களும் அந்தச் சொல்லுக்குத்தான் முதலில் வருகிறார்கள்.

5. பேசிப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விசாரணை அதிகாரி தோரணையில் கேள்விப் பட்டியலை வாசித்தால் எல்லோரும் சரியான பதிலையே சொல்வார்கள். "நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று யார் சொல்வார்? ஒரு நாளை விவரிக்கச் சொல்லுங்கள். "காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், வீட்டில் கடைசியாகக் கிளம்புபவர் யார், முதலில் திரும்புபவர் யார்?" அந்த இடைவெளியில் குட்டி எங்கே இருக்கும் என்று பேச்சு தானாகப் போகும். எட்டு மணி நேரம் வீடு காலி என்றால், நடுவில் வந்து பார்க்க ஆள் உண்டா? இல்லையென்றால் வளர்ந்த நாய் ஒன்றைப் பரிந்துரையுங்கள். மறுப்பு என்று அவர்களுக்குத் தோன்றாது, பல சமயம் அதுவே நல்ல யோசனையாகவும் இருக்கும்.

இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கட்டாயம் கேளுங்கள். வயதாகி இறந்தது என்று சொல்லி, கடைசி நாட்களில் என்ன மருந்து கொடுத்தோம் என்பதுவரை விவரிப்பவர் ஒரு ரகம். "எங்கேயோ போய்விட்டது" என்பவர் இன்னொரு ரகம். அதற்கு முந்தையதும் எங்கேயோ போயிருந்தால் பேச்சை மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள். நாய் வளர்த்தே பழக்கமில்லை என்பது குறையில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்கும் புதியவர், எல்லாம் தெரியும் என்பவரைவிடத் தேவலை.

வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதைத் தொலைபேசியில் பேசுபவரிடம் மட்டும் கேட்டால் போதாது. "அம்மாவுக்கு முதலில் பிடிக்காது, வந்தபின் சரியாகிவிடும்" என்று பிள்ளைகள் சொன்னால், அம்மாவோடு பேசாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பராமரிப்பு கடைசியில் அவர் தலையில்தான் விழும். குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர்களுக்கு, பிறந்தநாள் கழிந்து இரண்டு வாரம் சென்று வரச் சொல்லுங்கள். வருபவர்கள் வருவார்கள். அவசரப்படுத்துபவர், நேரில் வராமல் ஆளை அனுப்புவதாகச் சொல்பவர், வீட்டைக் காட்ட மறுப்பவர், ஒரே நேரத்தில் பல குட்டிகள் கேட்பவர் ஆகியோருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. "இந்தக் குட்டிக்கு இது பொருந்தாது" என்ற ஒரு வரி போதும்.

ஒரு நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டு. வெளிநாட்டுக்குப் போகும் திட்டமோ, திருமணமோ, குழந்தையோ, வீடு மாறுவதோ வந்தால் நாயை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சரியான பதில் என்று ஒன்று கிடையாது. அதைப் பற்றி யோசித்திருக்கிறார்களா என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

6. நேரில்

முதல் சந்திப்பு உங்களிடம். குட்டி தூங்கி எழுந்து, சாப்பிட்டுச் சற்று ஆன நேரத்தில் வரச் சொல்லுங்கள். தூக்கிக் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் தரையில் உட்காரட்டும், குட்டி தானாகப் போகட்டும். கையைக் கவ்வும்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்: கையை எடுத்துக்கொண்டு பொம்மையைக் கொடுக்கிறார்களா, மூக்கில் தட்டுகிறார்களா. குட்டி தரையை நனைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம்.

பிறகு அவர்கள் வீட்டைப் பாருங்கள். ஆடம்பரத்தையோ அளவையோ பார்க்க வேண்டாம். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குட்டி நுழையுமா, வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா, எலி மருந்தும் மாத்திரைகளும் எங்கே இருக்கின்றன, குட்டி எங்கே தூங்கும் என்று பாருங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்ந்த இனிப்புகள் நாய்க்கு நஞ்சு என்பதை அப்போதே சொல்லிவிடலாம். அங்கே ஏற்கெனவே நாய் இருந்தால் அதையும் குட்டியையும் வீட்டுக்கு வெளியே, பொது இடத்தில் சந்திக்க வையுங்கள். குட்டிக்கு ஊசிகள் முடியாமல் இருந்தால், மற்ற நாய்கள் நடமாடாத சுத்தமான இடமாகப் பாருங்கள்.

7. எழுத்தில் இருக்க வேண்டியவை

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். கருத்தடை அறுவை சிகிச்சையை எப்போது செய்வார்கள், வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தருவார்கள், தடுப்பூசி வரிசையை முடிப்பார்கள் என்ற மூன்றும் கட்டாயம். பெண் நாய் ஆறு மாத வயதிலேயே பருவத்துக்கு வரலாம். கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். அலட்சியமாக விட்டால் ஒரு வருடத்துக்குள் நீங்கள் வீடு தேட வேண்டிய குட்டிகளின் எண்ணிக்கை கூடிவிடும். அறுவை சிகிச்சைக்கு உகந்த வயது நாயின் அளவைப் பொறுத்து மாறுவதால், தேதியை மருத்துவர் சொல்லட்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் பதிவேட்டில் புதியவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றும்வரை வேலை முடியவில்லை. சிப் போட்டால் தொலைந்த நாய் எங்கிருக்கிறது என்று காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், காட்டாது. யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால் எண் தெரியும், அவ்வளவுதான்.

8. அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

விடுமுறை தொடங்கும் நாளின் காலையில் அனுப்புங்கள். இரவுக்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்கும். தடுப்பூசி அட்டை, நோட்டுப் புத்தகத்தின் நகல், அது படுத்துத் தூங்கிய துவைக்காத துணி, ஒரு வாரத்துக்கான பழகிய உணவு ஆகியவற்றைக் கூடவே கொடுங்கள். உணவை மாற்றுவதென்றால் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். மாட்டுப் பால் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பல குட்டிகளுக்குப் பேதியாகும். கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் இருக்கட்டும். அதற்குமேல் தளர்ந்தால் பயந்த குட்டி தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

முதல் இரவு அழும். வேறு அறையில் பூட்டி வைத்தால் இன்னும் அழும். முதல் சில இரவு படுக்கைக்கு அருகிலேயே ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் உரிமை என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லாக் குட்டியும் அதன்படி நடக்காது, ஆனாலும் நான்காம் நாள் நம்பிக்கை இழப்பவரிடம் சொல்வதற்கு உதவும்.

மறுநாள் ஒருமுறை, அந்த வார இறுதியில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை விசாரியுங்கள். "எப்படி இருக்கிறது?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "ராத்திரி எத்தனை மணிக்கு எழுகிறது? எதைக் கடித்தது?" என்று கேட்டால் உண்மை வரும், பாதிச் சிக்கலை அந்த அழைப்பிலேயே தீர்த்துவிடலாம். முடியவில்லை என்று சொன்னால் கோபப்படாமல் அன்றே போய்க் கூட்டி வாருங்கள். கடிந்து பேசினால், அடுத்தவர் உங்களிடம் சொல்லாமலே தெருவில் விட்டுவிடுவார். திரும்பி வந்த குட்டியின் நோட்டில் அந்த வீட்டில் நடந்ததையும் சேர்த்து எழுதி, விளம்பரத்தையும் திருத்துங்கள். மாதங்கள் ஓடி, பல் மாறும் வயதில் கையும் காலும் நீண்டு அழகு குறைந்து நின்றாலும் படத்தைப் புதிதாக எடுங்கள். மூன்று மாதம் முந்தைய படத்தைப் பார்த்து வருபவர் வாசலிலேயே ஏமாறுவார்.

எவரும் சரிப்பட்டு வரவில்லை, குட்டியும் உங்கள் காலடியிலேயே படுத்துக்கொள்கிறது, நாமே வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரும். அதில் தவறில்லை. மற்றவரிடம் கேட்ட அதே கேள்விகளை உங்களிடமும் கேளுங்கள்: பகலில் வீட்டில் யார், பதினைந்து ஆண்டுக்குத் தயாரா, அடுத்து மீட்கப்படும் குட்டிக்கு இடம் இருக்குமா. பதில்கள் சரியாக வந்தால், விளம்பரத்தை எடுத்துவிட்டு, காத்திருப்பவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு குட்டியைத் தேடத் தொடங்கட்டும்.